பொன்னுத்துரையின் நாயும் வேலாயியின் பத்து நாளும்

வேலாயியைப் பற்றி எழுத எனக்கு அருகதை உண்டா என்பது சந்தேகம்தான். ஆனாலும் எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. டாக்டர் ராஜப்ரியா எழுதுவார் என்று வைத்துக்கொண்டாலும், ஆங்கிலத்தில் நாயின் எடை, மருந்தின் அளவு, கட்டியின் நீள அகலம் என்று ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுவார். வேலாயி அதில் ‘உதவியாளர்’ என்ற ஒரே சொல்லாக இருப்பார்.

என் பெயர் ஆறுச்சாமி. சொந்த ஊர் கோபி பக்கம். கால்நடைத் துறையில் மருந்தாளுநராக முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். கடைசிப் பதினோரு வருஷம் நீலகிரியில், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கிற ஒரு கால்நடை மருந்தகத்தில். குளிர் எனக்கு ஆகாது. ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் கேட்டு மனுப் போடுவேன். மனு எங்கேயோ போய்ப் படுத்துத் தூங்கிவிடும். அதனால் நான் எந்நேரமும் எரிச்சலில் இருந்த ஆள். அதை மறைத்து எழுதினால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை.

தேயிலை விலை விழுந்த காலம் அது. இரண்டாயிரமாம் வருஷம். பச்சை இலைக்குக் கிடைத்தது பறிக்கிற கூலிக்கே காணவில்லை. சிறு விவசாயிகள் பறிக்காமல் விட்ட தோட்டங்களில் செடி ஆள் உயரத்துக்கு மரமாக நின்றது. எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள், பிறகு இரண்டு நாள் என்றார்கள், பிறகு நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் மருந்தகத்துக்கு மேலே இருந்த பிரையர் எஸ்டேட்டில் ஃபேக்டரியையே மூடிவிட்டார்கள். தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகளில் பாதிக்குப் பூட்டு. குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். பாத்திரம், பாய், தையல் மெஷின், சாமி படம் எல்லாம் லாரியில் ஏறின. நாய்கள் ஏறவில்லை. திருப்பூரில் ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கிறபோது நாயை எங்கே வைப்பார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

விட்டுப்போன நாய்கள் ஒன்றுசேர்ந்து கூட்டமாகச் சுற்றின. ஆவணியில் அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு வெறி பிடித்தது. லைனில் யூனியன் செயலாளராக இருந்த ஞானசீலனின் கறவை மாட்டை அது கடித்துவிட்டது. ஐப்பசியில் அந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு, தொண்டை கட்டி, கத்திக் கத்தியே செத்தது. டாக்டரும் நானும் கிட்ட நின்று பார்த்தோம். லைனில் எல்லாரும் பார்த்தார்கள், குழந்தைகள் உட்பட. அதன்பிறகு அங்கே நாய் கொட்டாவி விட்டால்கூட ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள்.

வேலாயி எங்களிடம் வந்தது அந்த வருஷம் ஜூன் மாதம். பகுதிநேரத் துப்புரவுப் பணி. காலையில் இரண்டு மணி நேரம் என்று ஆர்டர். அவர் இருந்தது என்னவோ சாயங்காலம் வரைக்கும். வயது நாற்பத்தெட்டு. சிலோனில் தேயிலை மலையில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, பிரையர் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். லைன் வீட்டை இன்னமும் ‘லயம்’ என்றுதான் சொல்லுவார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு மகள்களும் திருப்பூரில். கூப்பிட்டார்கள், இவர் போகவில்லை.

முதல் வாரமே எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. என் மருந்து அலமாரியைத் துடைக்கிறேன் என்று பாட்டில்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. எது எங்கே என்று எனக்குத்தான் தெரியவில்லை. நான் கத்தினேன். அவர் ஒவ்வொரு பாட்டிலையும் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். நாற்பது பாட்டில், ஒன்றுகூட மாறவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாட்டையும் நாயையும் அவர் பிடிக்கிற விதம் தனி. உதைக்கிற மாடு காலைத் தூக்குவதற்கு முன்பே நகர்ந்திருப்பார். கடிக்கப் பார்க்கிற நாயின் கழுத்தடியில் அவர் கை முன்கூட்டியே போயிருக்கும். எப்படி என்று டாக்டர் ஒருநாள் கேட்டார். கொழுந்து பறிக்கிறபோது கை இந்தச் செடியில் இருந்தால் கண் அடுத்த செடிக்குப் போயிருக்க வேண்டும், கையிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் கூடை நிறையாது, அந்தப் பழக்கம்தான் என்றார். டாக்டர் ராஜப்ரியாவுக்கு அப்போது இருபத்தேழு வயது, கோயமுத்தூர்ப் பெண், முதல் போஸ்டிங். கெட்டிக்காரி. யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படமாட்டார். உண்ணி ஏறி ரத்தம் குறைந்த நாய்க்கு ஈறு வெளுத்திருக்கும், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரியும் என்று அவர் ஒரே ஒரு தடவை வேலாயிக்குக் காட்டினார். அவ்வளவுதான், அன்றிலிருந்து மருந்தகத்துக்கு வந்த எந்த நாயும் உதட்டைத் தூக்கிக் காட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. காலில் முள் குத்தி வந்த நாய்க்கும் வாயைப் பார்ப்பார்.

“ஏனுங்க, பொண்ணுப் பாக்க வந்தாப்பல பல்லையே பாக்கறீங்க?” என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே அடுத்த நாய்க்குப் போய்விடுவார்.

கார்த்திகை பிறந்து முதல் வாரம். விடாத மழை. டாக்டர் பயிற்சிக்காகக் கோயமுத்தூர் போயிருந்தார். திங்கட்கிழமை காலையில் லைனிலிருந்து ஆள் வந்து, பொன்னுத்துரையின் நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்றார்.

பொன்னுத்துரை மூடிய ஃபேக்டரிக்கு வாட்ச்மேன். தனியாள். அவருக்குத் துணை மேஜர் என்கிற நாய். வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் பகுதி நாய்களுக்குப் பதவிகளில் குறைச்சலே கிடையாது. மேஜர், கர்னல் எல்லாம் தெருவில் திரியும். இந்த மேஜர் பழுப்பு நிறம், நாட்டு நாய்தான், ஆனால் நெஞ்சு அகலமானது.

நான் மேலே போனேன். கொழுந்து வாட்டுகிற பெரிய மாடி அறையில் ஒரு மூலையில் மேஜர் நின்றிருந்தது. வெளிப்புறப் படியில் ஏறி நின்று கம்பிவலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய் திறந்தபடியே இருந்தது. கறுஞ்சிவப்பாக நுரை ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டி பக்கத்தில் இருந்தும் குடிக்கவில்லை. எனக்கு அந்த மாட்டின் ஞாபகம் வந்தது. இறங்கி வந்து ரிஜிஸ்டரில் ‘வெறிநோய் சந்தேகம்’ என்று எழுதி, டாக்டர் வருகிறவரை யாரும் கிட்டப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமையும் வாசல் வரை போய்விட்டு வந்தேன். சட்டப்படி நான் செய்தது சரி. சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் லைன் ஜனங்கள் இருபது முப்பது பேர் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியும் கம்புமாக ஃபேக்டரி வாசலுக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. வேலாயி துடைப்பத்தைச் சாத்திவிட்டு நடந்தார். நானும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பொன்னுத்துரை கதவை மறித்து நின்றுகொண்டிருந்தார். வாயில் கட்டி, அதனால்தான் ஒழுகுகிறது, வெறியெல்லாம் இல்லை என்று மன்றாடினார். ஒருத்தரும் நம்பவில்லை. பொன்னுத்துரை ஒற்றை டார்ச்லைட்டைக் காட்டி மூன்று யானைகளை மலைப்பாதையில் கீழே பர்லியார் வரைக்கும் விரட்டியதாகச் சொல்லிக்கொள்கிற ஆள். அவர் பேச்சை யார் நம்புவார்கள்? கட்டி என்றால் இத்தனை நாள் ஏன் மருந்தகத்துக்குக் கொண்டுவரவில்லை என்று நானே கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். புற்று என்று சொல்லி ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று பயமாம்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வேலாயி அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கும் குச்சிக்கும் தடுப்பாக இடுப்பில் சுற்றிக்கொள்கிற தடித்த சாக்கு ஒன்று உண்டு, அவர்கள் படங்கு என்பார்கள். மழைக்காகத் தானும் கட்டியிருந்த அந்தப் படங்கை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு போனார். நான் வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். உள்ளே ஒரு உறுமல் கேட்டது, பிறகு ஏதோ பலகை உருண்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு மூன்று நிமிஷமும் நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

வாசலுக்கு வந்து நின்றார். வலது கை மணிக்கட்டு வரை அந்தக் கறுஞ்சிவப்பு நுரை. கையை மூக்குக்கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஐயா, இது தேயிலைத் தூளு,” என்றார்.

எஸ்டேட்டில் கத்தி பட்டால், அட்டை கடித்து ரத்தம் நிற்காவிட்டால், தேயிலைத் தூளை வைத்து அமுக்குவார்கள். ரத்தம் நின்றுவிடும். பொன்னுத்துரையும் அதைத்தான் செய்திருந்தார். விற்காத தூள் ஃபேக்டரியில் மலையாகக் கிடந்தது. மேஜரின் வாயில் ரத்தம் கசிந்தபோதெல்லாம் அதை அள்ளி அள்ளி அடைத்திருக்கிறார், நாலு மாதமாக. எச்சிலும் ரத்தமும் தூளும் சேர்ந்து ஒழுகியதைத்தான் நாங்கள் எல்லாரும் வெறி நுரை என்று பார்த்திருக்கிறோம். உள்ளே கீழ்த்தாடை முன்பற்களுக்கு நடுவில் ஜாதிக்காய் அளவுக்குக் கட்டி இருக்கிறது, ஒரு பல்லைச் சாய்த்து மேலுதட்டில் குத்த வைத்திருக்கிறது, அதனால்தான் வாய் மூட முடியவில்லை என்று வேலாயி விவரமாகச் சொன்னார்.

ஞானசீலன் முன்னால் வந்தார். அவரை வில்லனாக்க எனக்கு மனசில்லை. நாலு குழந்தைகளுக்கு அப்பா, மாட்டை இழந்தவர், நியாயமான ஆள்.

“கட்டி இருக்கட்டும். கட்டி இருக்குற நாய்க்கு வெறி வராதுன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? அந்தக் கூட்டத்தோட இது சண்டை போட்டதை நான் கண்ணால பார்த்தேன்,” என்றார்.

அவர் சொன்னது சரி.

மத்தியான பஸ்ஸில் டாக்டர் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் வேலாயியின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். கொழுந்து பறித்த விரல்கள். நகக்கண்ணெல்லாம் கறை, தோலெல்லாம் வெடிப்பு. அந்த வெடிப்புகளுக்குள் எச்சில் போயிருந்தது. இத்தனை பேர் முன்னால் டாக்டர் அவரைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அவருக்கு அப்படிப் பேச வரும் என்றே எனக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் தன் கையாலேயே கழுவிவிட்டார். அப்போதே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அந்தக் காலத்து ஊசி வயிற்றில் போடுவது. தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்று, வரிசையாக. போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். நாய் பத்து நாள் உயிரோடும் தெளிவாகவும் இருந்துவிட்டால் அதற்கு வெறி இல்லை என்று அர்த்தம், ஊசியையும் நிறுத்திவிடலாம். நடுவில் செத்தால் தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், ஊசி தொடரும். குன்னூர்ப் பக்கம் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்கிற ஊர் ஆயிற்றே.

ஏற்பாடு இப்படி முடிவாயிற்று. மேஜர் பத்து நாள் அந்த மாடி அறையிலேயே பூட்டிக் கிடக்கும். சாவி ஞானசீலனிடம். யாரும் உள்ளே போகக் கூடாது. பத்து நாள் தாண்டினால் டாக்டர் ஆபரேஷன் செய்யலாம், லைனில் ஒருத்தரும் குறுக்கே வரமாட்டார்கள். அதுவரை சாப்பாடு தண்ணீர் வேலாயி பொறுப்பு, கம்பிவலைக்கு வெளியே நின்று.

இதில் ஒரு சிக்கல். மேஜரால் சாப்பிட முடியாது. நாக்கை நீட்டினால் கட்டியில் இடித்து ரத்தம் வரும். தட்டில் கஞ்சி ஊற்றித் தள்ளினால் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு விலகிவிடும். வெறி இல்லாமலேயே பசியில் பத்து நாளுக்குள் செத்துப்போக எல்லா வாய்ப்பும் இருந்தது. செத்தால் வெறி என்றுதான் ஊர் சொல்லும்.

வேலாயி ஒரு மூங்கிலைப் பிளந்து கணுவைச் செதுக்கி ஓடை மாதிரி ஆக்கினார். கம்பிவலை ஓட்டை வழியாக அதை நீட்டி, மேஜரின் கடைவாய்ப் பக்கம் உதட்டோரத்தில் நுனியை வைத்து, கேப்பைக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கடைவாய்ப் பக்கம் உதடு பை மாதிரி இருக்கும், அங்கே விட்டால் நாக்கு வேலை செய்யாமலே தொண்டைக்குப் போகும். டாக்டர் சொல்லிக்கொடுத்தது பாதி, வேலாயி கண்டுபிடித்தது பாதி. முதல் நாள் மேஜர் மூங்கிலைக் கண்டு மூலைக்குப் போய்விட்டது. இவர் மூங்கிலை நீட்டியபடி மழையில் நின்றுகொண்டே இருந்தார். இரண்டாம் நாள் கிட்ட வந்து முகர்ந்தது. மூன்றாம் நாள் அரை டம்ளர் உள்ளே போயிற்று. ஒருவேளைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தினம் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி, அங்கிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து இறங்கி வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஃபேக்டரி ஏற்றம். மருந்தகத்தையும் கூட்டாமல் விட்டதில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் மேஜர் படுத்துவிட்டது. எட்டாம் நாள் தலையைத் தூக்கவில்லை. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. டாக்டருக்கே முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் உறுதியாகச் சொன்னார், நாள் முடியாமல் தொட மாட்டேன் என்று.

அன்று மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் சொல்லாமல், டாக்டருக்கும் தெரியாமல், பெரிய மாடுகளை வலியில்லாமல் முடிக்கிற மருந்தை ஒரு பாட்டிலில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனேன். நாய் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை என்பது ஒரு காரணம். இந்தப் பொம்பிளை மழையில் நின்று சாகப்போகிறாள் என்ற கோபம் இன்னொரு காரணம். சாவியை ஞானசீலனிடம் வாங்கிக்கொள்ளலாம், அவரும் மறுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டேன். வேலாயி மூங்கிலோடு நின்றிருந்தார். பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். நாய் செத்தால் தலையைப் பரிசோதித்து இரண்டு நாளில் சொல்லிவிடுவார்கள், உங்களுக்கும் தெளிவாகத் தெரிந்துவிடும், எதற்கு இந்த அவஸ்தை என்று நான் நைச்சியமாகப் பேசினேன்.

அவர் மூங்கிலைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அது செத்தா எனக்கு இன்னும் அஞ்சாறு ஊசி கூடப் போடுவாங்க, அவ்வளவுதானுங்கய்யா. அதுக்கு அப்படி இல்லீங்களே.”

பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தேன். அன்று சாயங்காலம் நானே கேப்பைக் கஞ்சியில் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குமேல் கிட்டப் போக எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு ஃபிளாஸ்க்கை நீட்டினேன்.

பதினோராம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. ஞானசீலன் தானே வந்து பூட்டைத் திறந்தார். லைன் ஜனங்கள் தூரமாக நின்றார்கள். மேஜர் எழுந்திருக்க முயன்று, முன்காலை ஊன்றி, பின்னங்கால் வழுக்கி, மறுபடி ஊன்றி நின்றது. பொன்னுத்துரையைப் பார்த்து வாலை ஆட்டியது. பொன்னுத்துரை அழுதார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நானும் திரும்பிக்கொண்டேன்.

மூன்று நாள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றித் தேற்றிய பிறகு ஆபரேஷன். டாக்டருக்கு வாய்க்கட்டி ஆபரேஷன் அதுதான் முதல். முந்தின நாள் ராத்திரி புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து காலையில் எங்கள் இருவருக்கும் விளக்கினார். இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் புற்று இல்லை, மற்ற இடத்துக்குப் பரவாது. ஆனால் பல்லின் வேரைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கிற சவ்விலிருந்து முளைக்கிறது. மேலே தெரிகிறதை மட்டும் ஈறோடு சீவிவிட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிடும். பல்லையும் பிடுங்கி, குழியைச் சுரண்டி, சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்தால்தான் தீரும்.

ஊசி போட்டு மயக்கினோம். தாடை நரம்புக்குத் தனியாக மரப்பு ஊசி. வேலாயி கையுறை போட்டுக்கொண்டு மேஜரின் தலையைத் தாழ்வாகப் பிடித்தார், ரத்தம் மூச்சுக்குழலில் இறங்காமல் இருக்க. நாக்கைத் துணியால் பற்றி வெளியே இழுத்து வைத்தார். தொண்டையில் அடைத்த துணிச் சுருள் எத்தனை என்று அவர்தான் எண்ணிக்கொண்டார். டாக்டர் கட்டியைச் சுற்றிக் கீறினார். வாய் என்பது ரத்தக் காடு. வெட்டிய இடமே தெரியாமல் பொங்கியது. சாய்ந்த பல்லோடு சேர்த்து மூன்று முன்பற்களை நெம்பி எடுத்தார். பல்லின் வேரில் அந்தக் கட்டியின் நார் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் ஒரு தெளிவு. சின்னக் கரண்டியால் எலும்புக் குழியைச் சுரண்டினார், வெள்ளை எலும்பு தெரிகிறவரை.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. விளக்கும் இல்லை, ரத்தம் உறிஞ்சுகிற மெஷினும் இல்லை. கன்றுக்குட்டிகளுக்குக் கொம்பு தீய்க்கிற இரும்பை நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காய வைத்துக் கொடுத்தேன். வேலாயி ஒரு கையில் நாக்கையும் மறு கையில் டார்ச்லைட்டையும் பிடித்துக்கொண்டு, டாக்டரின் கத்தி போகிற இடத்துக்கு முன்பே வெளிச்சத்தைக் கொண்டுபோய் வைத்தார். டாக்டர் ஒரு தடவைகூட “இங்கே காட்டுங்க” என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகத் தீய்த்து, ஈறை இழுத்து மூடித் தையல் போட்டு முடிக்க ஒன்றேகால் மணி நேரம். “உள்ள ஆறு வெச்சோம், ஆறும் வந்திருச்சுங்க டாக்டரம்மா,” என்று துணிச் சுருள்களைக் காட்டிவிட்டுத்தான் வேலாயி நாக்கை விட்டார். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. நான் வெந்நீரில் முக்கி நீவிவிட்டேன்.

மேஜர் கண் விழித்து முதலில் செய்த காரியம், வாயை மூடியது. அத்தனை மாதத்துக்குப் பிறகு வாயை மூடி, எச்சிலை விழுங்கி, பெருமூச்சு விட்டது. நாலாம் நாள் தயிர்ச்சோறு தானாகத் தின்றது. எடுத்த கட்டியை நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தோம். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது: தீங்கற்ற கட்டி, முழுமையாக நீக்கப்பட்டுள்ளது. டாக்டர் அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். மேஜர் அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தது. கட்டி திரும்ப வரவில்லை. மூன்று பல் இல்லாத மேஜர் நாக்கு ஒரு பக்கம் தொங்கக் காவல் காத்தது. யானையை அதுதான் விரட்டியது என்று பொன்னுத்துரை கதையை மாற்றிக்கொண்டார்.

அறிக்கை வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. லீவுதான், ஆனாலும் மருந்து வந்திருக்கிறதென்று நான் மருந்தகத்தில் இருந்தேன். லைன் பாதையில் ஒரே குரைப்பு. ஞானசீலன் முன்னால் வந்தார். பின்னால் லைன் ஜனங்கள், ஆளுக்கொரு கயிறு, கயிற்று நுனியில் ஆளுக்கொரு நாய். திருப்பூர் போனவர்கள் விட்டுப்போன நாய்கள். பதினோரு நாய். எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட வேண்டும், வேலாயி அக்கா ஒவ்வொன்றுக்கும் வாயைப் பார்க்க வேண்டும், இனிமேல் வீட்டுக்கு ஒன்றாகக் கட்டி வைத்துக் கஞ்சி ஊற்றுவதாகப் பேசியிருக்கிறோம் என்றார் ஞானசீலன். நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன்.

கூட்டத்தோடு வந்திருந்த வேலாயி வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு நாயாக உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பதாவது நாயின் மேல்தாடையில், கடைவாய்ப் பல்லோரத்தில், பட்டாணி அளவு ஒரு தடிப்பு. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பட்டாணியாக இருக்கும்போதே எடுப்பது கால் மணி வேலை. அதற்கடுத்த வருஷங்களில் எங்கள் மருந்தகத்தில் இப்படி எடுத்தது இருபதுக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் வேலாயி கண்ணில் பட்டவை. கோயமுத்தூர் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்களே, இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று. அவருடைய வேலை மட்டும் கடைசிவரை பகுதிநேரமாகவே இருந்தது. அதற்காக நான் எழுதிய மனுக்கள் என் மாற்றல் மனுவோடு படுத்துத் தூங்குகின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகு வேலாயி கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சோப்பை எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்: அன்றைக்கு மேஜருக்கு வெறி இல்லை என்று எப்படித் தெரிந்து உள்ளே போனீர்கள்?

“தெரியாதுங்கய்யா,” என்றார். “பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு நாளா வாயத் தொறந்துக்கிட்டே நிக்குது. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தர்கூட பாக்கலீங்களே.”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். பதினோரு நாய் வந்து போன வாசல், ஒரே சேறு. அவர் சொன்ன அந்த ஒருத்தர் நானாக இருந்திருக்க வேண்டும். அதற்குச் சம்பளம் வாங்கியவன் நான்தான். அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி, அன்று வாசலை நான் கூட்டினேன்.